கரையைப் பார்த்து எடுத்த படம்

முதலில் பிறேக் 'உஸ்ஸ்' என்று மூச்சு விடுகிற சத்தம் வரும்; கொழும்பு பஸ் அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்கு எழும்பாதவன் முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் ஓட்டோ வைத்துப் பிழைக்க முடியாது.

எனக்கு எழும்புகிற வேலை இல்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் போன நித்திரை இன்னும் திரும்பி வரவில்லை. வீட்டில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பதிலும் பார்க்க ஓட்டோவுக்குள் குந்தியிருப்பது மேல் என்று இந்தத் தொழிலுக்கு வந்தவன். விடிகிற நேரம் வந்து இறங்குகிறவர்களில் பாதிப்பேர் இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் அல்ல, பார்க்க வருகிறவர்கள். நினைவுத்தூபி, பாலம், நந்திக்கடல், சண்டை நடந்த இடம். போனில் ஒரு படத்தைக் காட்டி "இங்கே" என்பார்கள். என்னிடம் இருக்கிற சிங்களமும் கொஞ்ச இங்கிலீசும் பின் சீற்றில் இருந்தவர்களின் கதையைக் கேட்டுக் கேட்டுப் பிடித்தவை. சனத்தோடு மாரடிக்கிற தொழில் எதுவானாலும் நீங்களும் என் கட்சிதான். ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன்.

பாலம்

லண்டனிலிருந்து வந்த ஒருவர், கடைசிச் சண்டையில் சனம் கடந்து வெளியே வந்த வட்டுவாகல் பாலத்தை நடந்து கடக்க வேண்டும் என்றார். நல்ல விசயம், நான் அந்தக் கரையில் போய் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓட்டோவை விட்டேன். அங்கே நின்று தேத்தண்ணீர் குடித்தேன், பேப்பர் முழுவதும் வாசித்தேன், ஆளைக் காணவில்லை. நெஞ்சு அடைத்து விழுந்துவிட்டாரோ என்று பயந்து திரும்பி வந்தால், மனுசன் விட்ட இடத்திலேயே நிற்கிறார். ஒரு காலைப் பாலத்தில் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறார்.

கால் நோகிறதோ என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தம்பி, இதை நான் அந்தப் பக்கத்தில இருந்துதான் கடந்து வந்தனான். இந்தப் பக்கத்தில இருந்து எப்பிடிப் போறதெண்டு தெரியேல்லை."

கப்பல் குறி

போன வருசம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு அடுத்த நாள் ரெஜினா அக்கா என் ஓட்டோவில் ஏறினா. கடற்கரைச் சனம், இப்போது தண்ணீரூற்றில் மகளோடு இருக்கிறா. கடைசிச் சண்டையில் அவாவின் மனுசன் முள்ளிவாய்க்கால் கரையில் செல் பட்டுச் செத்தார். தன் கையாலேயே மணலைக் கிண்டிப் புதைத்தவா. திருநாளன்று சேமக்காலையில் எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். ரெஜினா அக்கா யாருடையதோ கல்லறைக்குப் பக்கத்தில், திரியைக் கையில் பிடித்தபடி, அது உருகி விரலில் வடியும் வரைக்கும் நிற்பா. அடுத்த திருநாளுக்கு அந்தத் திரியை ஊன்ற ஒரு இடம் வேண்டும் என்பதற்குத்தான் என்னைப் பிடித்தா.

அடையாளம் ஒன்றும் வைக்கவில்லையா என்று கேட்டேன். வைத்திருந்தா, ஆனால் கடல்காரர் வைக்கிற மாதிரி. மீன் படுகிற இடத்தில் கடலுக்குள் கட்டையா நட முடியும்? கரையில் இரண்டு பொருள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நேராக வருகிற மாதிரிப் பார்த்துக் குறி எடுப்பார்கள். அக்காவும் புதைத்த இடத்தில் நின்று கடல் பக்கம் பார்த்திருக்கிறா. முன்னால் தலை பறந்த ஒரு பனை. செல்லடியில் பறந்து வந்த கூரைத்தகரம் ஒன்று அதன் நடுவில் செருகி நின்றது. பனைக்கு நேர் பின்னால், கரைதட்டி நின்ற பெரிய கப்பலின் கொடிமரம். சண்டை முடிந்து, முகாமால் விட்ட பிறகு வந்து பார்த்தபோது பனை இல்லை. பிறகு கப்பலையும் வெட்டி இரும்பாக ஏற்றிவிட்டார்கள். கப்பல் நின்ற இடம் தொழிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அடியில் மிச்சம் கிடக்கிற இரும்பில் இன்றைக்கும் வலை கிழிகிறது. பனை நின்ற இடத்தைத்தான் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

தரையில் ஒரு கல்லை வைத்திருக்கலாமே அக்கா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"கல்லை ஆரும் புரட்டிப்போடுவினம், தம்பி. அவ்வளவு பெரிய கப்பல் எங்க போகும் எண்டு நினைச்சன்."

எல்லோருடைய பல்லும்

கப்பல் நின்ற காலத்தில், எங்கள் சனத்தை முகாமால் விட முந்தியே, அதைப் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். வந்தவர்கள் படம் எடுக்காமலா போனார்கள்? அதில் ஒன்றிலாவது அந்தப் பனை விழுந்திருக்காதா? அன்றிலிருந்து ஓட்டோவில் ஏறுகிற ஒருவரையும் நான் விடவில்லை. முந்தி வந்தனீங்களோ, கப்பல் பார்த்தனீங்களோ, படம் இருக்கோ. தமிழில் கேட்டேன், சிங்களத்தில் கேட்டேன், ஒரு வெள்ளைக்காரரிடம் கையால் கப்பல் கீறிக் கேட்டேன். ஒரு அம்மா கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வழியிலேயே இறங்கிவிட்டார்.

காட்டியவர்களும் இருந்தார்கள். அப்போதுதான் சங்கதி விளங்கியது. எல்லாப் படத்திலும் ஆட்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் கப்பல், முன்னால் பல். கலியாணம் முடித்த புதுச் சோடி, யாத்திரை வந்த கூட்டம், கப்பலைத் தன் உள்ளங்கையில் வைத்திருப்பதுபோலப் பாவனை காட்டுகிற ஒரு பொடியன். எனக்குத் தேவை மற்றப் பக்கம், படம் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் கிடந்த நிலம். வெறும் மணலையும் மொட்டைப் பனையையும் எடுப்பதற்கு இவ்வளவு தூரம் யார் வருவார்கள்? மாதங்கள் போயின. வெறுத்துப்போகிற நேரமெல்லாம் அக்காவின் விரலில் வடிகிற மெழுகு நினைவுக்கு வரும். அடுத்த பஸ்ஸுக்கு எழும்பிப் போவேன். பக்கத்து ஓட்டோக்கார யோகன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டான்:

"அண்ணை, ஓட்டோ ஓடுறியளோ, இல்லாட்டி எங்கடை ஆக்களுக்குப் பொம்பிளை பாக்கிறியளோ?"

நல்லா வராத படம்

இந்த வருசம், திருநாள் கிட்டி வருகிற நேரம், குருநாகலிலிருந்து ஓடு வியாபாரி ஒருவர் கூட்டாளிமாரோடு வந்தார். பாதை திறந்த புதிதில் மனைவியோடு ஒருமுறை வந்தவராம். என் கேள்விக்கு, கப்பலுக்கு முன்னால் நான் மட்டும்தான் நின்றேன், அவளுக்குக் கடல் என்றால் பயம், கிட்ட வரமாட்டேன் என்று ஒரு மரத்தடியில் இருந்துகொண்டாள், நான்தான் கப்பலடியில் நின்று அவளை ஒரு படம் எடுத்தேன் என்றார். நான் பிறேக்கைப் பிடித்த பிடியில் கூட்டாளிமார் மூவரும் முன்னால் வந்து விழுந்தார்கள்.

அந்த இடத்திலேயே மனைவிக்குப் போன் போட வைத்தேன். என் உடைந்த சிங்களத்தில் அக்காவின் கதை முழுவதையும் சொன்னேன். மனுசன், பனை, தகரம், மெழுகுதிரி. கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுபக்கத்தில் அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"அந்தப் படத்தில் நான் நன்றாக இல்லை. என்னை வெட்டிவிட்டு மரத்தை மட்டும் அனுப்புகிறேன்."

கோடு

சொன்ன மாதிரியே தன்னை வெட்டித்தான் அனுப்பியிருந்தார்; பனையடியில் ஒரு செருப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. ரெஜினா அக்கா என் போனை இரண்டு கையாலும் வாங்கித் தகரத்தின் மேல் விரலை வைத்தா. பனைக்குப் பின்னால், தூரத்தில், இரண்டு யன்னல் ஓட்டையோடு ஒரு அரைச்சுவர் தெரிந்தது. அந்தச் சுவர் இப்போதும் பற்றைக்குள் நிற்கிறது. எத்தனையோ பேரை அதைத் தாண்டி ஏற்றிப் போயிருக்கிறேன்.

நாலைந்து நாளாகப் பெய்த மழை திருநாளன்று பின்னேரம்தான் விட்டது. கப்பல் நின்று, இப்போது வலை கிழிகிற இடத்தைக் கரையிலிருந்தவர்கள் கையால் காட்டினார்கள். அதற்கு நேரே தண்ணீரோரம் நின்று, சுவர் படத்தில் இருந்த மாதிரியே தெரியும் வரைக்கும் போனைப் பிடித்தபடி அங்கும் இங்கும் நகர்ந்தேன். பிறகு கையைக் காட்டக் காட்ட, அக்கா பனை நின்ற இடத்தில் ஒரு தடியை ஊன்றினா. ஊன்றிவிட்டுத் திரும்பி நின்று, ஒரு கண்ணை மூடி, தடியையும் சுவரையும் கடல்காரரின் பார்வை பார்த்தா. கப்பல் நின்ற இடத்திலிருந்து தடியைத் தொட்டு வருகிற கோடு நேரே அந்தச் சுவரில் போய் முட்டுகிறது; தடிக்கும் சுவருக்கும் நடுவில், அந்தக் கோட்டில், மனுசன் கிடக்கிறார். எந்த இடத்தில் என்பதற்கு இன்னொரு குறி வேண்டும். அதை எடுக்க அன்றைக்கு அவாவுக்கு அவகாசம் இருக்கவில்லை, செல் விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு மனம் விழுந்துபோயிற்று. இவ்வளவு பாடுபட்டும் சரியான இடம் கிடைக்கவில்லையே அக்கா என்றேன். அவா பையிலிருந்து மெழுகுதிரிப் பெட்டியை எடுத்து, உடைத்து, தடியடியில் முதல் திரியை ஊன்றிவிட்டு அடுத்ததை ஊன்றக் கொஞ்சம் தள்ளிக் குந்தினா.

"இவ்வளவு காலமும் கரை முழுக்கத் தேடினனான். இப்ப ஒரு கோடுதானே, தம்பி. நான் வைச்சுக்கொண்டு போறன், நீங்கள் பின்னால கொளுத்திக்கொண்டு வாங்கோ."

பார்க்க வந்த சனமெல்லாம் தங்கள் முகத்தைத்தான் எடுத்துக்கொண்டு போனது, கடலுக்குக் கிட்டவே வரமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு மனுசிதான் எங்களுக்கு நிலத்தை வைத்திருந்தார் என்று நினைத்தபடி, அக்காவை வீட்டில் இறக்கிவிட்டு வந்து, ஓட்டோவின் கால்விரிப்பைக் கழற்றி மணலைத் தட்டத் தொடங்கினேன்.