தோளுக்கும் தண்டுக்கும் நடுவில்

"சும்மா ஒரு தடவ பாத்துடறேன்" என்று சொல்லித்தான் ரஞ்சன் அடுத்தவர் வேலையைத் திறப்பான். சொன்னபடி பார்க்கவும் செய்வான். பார்த்ததும் எழுத்தின் அளவு கண்ணை உறுத்தும்; மாற்றுவான். எழுத்து மாறியதும் தலைப்பு இடிக்கும், அதையும் மாற்றுவான். பிறகு படம், படத்துக்குக் கீழே இருக்கும் வரி, வரியில் இருக்கும் கருத்து என்று ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் சபீனா செய்து அனுப்பிய ஸ்லைடில் சபீனாவின் பெயர் மட்டும் மிஞ்சும். அந்தப் பெயரையும் நடுவிலிருந்து வலது ஓரத்துக்கு நகர்த்திவிட்டுத்தான் மடிக்கணினியை மூடுவான்.

எம்.பி.ஏ. முதல் வருடம். செகந்திராபாத்தின் லோத்குண்டாவில் வீடு. அம்மா சாவித்ரி கேஸை மூடிவிட்டு வந்த பிறகு, சமையலறைக்குள் ஏதோ வேலை இருப்பதுபோல் போய், மூடியதை ஒருமுறை மூடிவிட்டு வருவான். ஆட்டோவில் ஏறினால் ஓட்டுநருக்கு வழி சொல்வான். திருமுல்கேரியிலேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே முடி நரைத்த ஓட்டுநருக்கும் சொல்வான். உயரம் ஐந்தடி நான்கு அங்குலம் என்று கல்லூரிப் படிவத்தில் எழுதியிருக்கிறான். அதில் இரண்டு அங்குலம் செருப்பினுடையது.

இதே ரஞ்சன் கடவுள் விஷயத்தில் வேறு ஆள். பரீட்சைக்குக் கிளம்பும்போது "முருகன் பாத்துப்பான்" என்பான். சொல்லிவிட்டு நிஜமாகவே கவலையை விட்டுவிடுவான். முகத்தைப் பார்த்தாலே தெரியும். அவனுடைய மடிக்கணினியில், பவர் பொத்தானுக்கு மேலே, விபூதிக் கீற்று ஒன்று எப்போதும் இருக்கும். ஆனால் "முருகன் பாத்துப்பான்" என்று தடையில்லாமல் சொல்கிற வாய்க்கு "சபீனா பாத்துப்பா", "நிகில் பாத்துப்பான்" என்று சொல்ல வராது. முருகன் இதுவரை அவனுக்கு ஸ்லைடு எதையும் அனுப்பிவைக்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்படிப்பட்டவனைப் பிடித்துப் பேராசிரியை விஜயகுமாரி ஒரு குழுவுக்குத் தலைவனாக்கினார். அலுவலகத்தில் மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பது அவர் எடுக்கும் பாடம். மாணவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே வாட்ஸ்அப்பில் அறிவிப்பு அனுப்புகிறவர் அவர். அந்த அறிவிப்பு இதுதான்: ஒவ்வொரு குழுவும் திங்கட்கிழமை மேடையேறிப் பேச வேண்டும். தலைவர், 'நம்பிக்கையும் கூட்டுவேலையும்' என்று இரண்டு பக்கக் கட்டுரை எழுதித் தர வேண்டும். அதன் அடியில், உண்மையாக வேலை செய்தவர்களின் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெயர் இல்லாதவருக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாவிட்டால் அந்தப் பாடம் போயிற்று. வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளின் நேர்காணலில் உட்கார முடியாது.

குழுவில் மூன்று பேர். ரஞ்சன், சபீனா, நிகில். சபீனாவின் அப்பா வாணியம்பாடிக்காரர். லால் பஜாரில் கடை வைத்திருக்கிறார். அவள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்தால் அது எந்த மொழியில் போய் நிற்கும் என்று அவளுக்கே தெரியாது. நிகில் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பத்துப் பையன். ஆறடி. தமிழ் காதுக்குள் போகும். வாய்வழியாக வருவது அபூர்வம். குழுவின் வாட்ஸ்அப்பில் அவன் பங்களிப்பு முழுவதும் ஒரே சொல்: "ஹவ்." ஆமாம் என்று அர்த்தம். நாளைக்குச் சந்திக்கலாமா என்றால் ஹவ். முடித்துவிட்டாயா என்றால் ஹவ். முடிக்கவே இல்லையா என்றாலும் ஹவ்.

ரஞ்சன் கட்டுரையை முன்கூட்டியே எழுதிவிட்டான். 'குழு என்பது நம்பிக்கையின்மேல் நிற்பது. என் குழுவில் நம்பத்தக்கவர் ஒருவர் இருந்தார்' என்று அது தொடங்கியது. அந்த ஒருவர் யார் என்பதை அடக்கம் கருதி அவன் எழுதவில்லை. அடியில் நிகிலின் பெயரும் இல்லை. அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று கேன்டீனுக்குக் கூப்பிட்டுச் சொன்னான்.

"இதப் பாரு நிகில், உன் பேர நான் போட முடியாது. நீ ஒண்ணுமே பண்ணல."

நிகில் சமோசாவைக் கீழே வைத்தான். வழக்கமாக எதற்கும் "லைட் லேலோ பாய்" என்று, போனால் போகட்டும் என்பதுபோல், சிரித்துவிட்டுப் போகிறவன். அன்று சிரிக்கவில்லை. தேடித் தேடித் தமிழில் பேசினான்.

"நான் ஒண்ணு அனுப்பினேன். நீ அழிச்சிட்டே. அப்புறம் கைக்கு அனுப்பணும்? எதுக்கு?"

"அது மஞ்சள் கலர்ல இருந்துச்சு."

"மஞ்சள்னா என்ன?"

"செவப்பு எழுத்து வேற."

சபீனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "லீடர் சாப், கலருக்காக ஒருத்தன ஃபெயில் பண்ணுவியா?"

"கலருக்காக இல்ல. ஒண்ணு போனா இன்னொண்ணு அனுப்பணும்ல? நீ அனுப்பலியா?"

"நான் அனுப்பினதெல்லாம்தான் போச்சு. நான் வெக்கம் கெட்டவ, திரும்பத் திரும்ப அனுப்பினேன். அவனுக்கு வெக்கம் இருக்கு."

நிகில் எழுந்து பையை மாட்டிக்கொண்டான். "என் அண்ணனுக்கு வேலை போயிடுச்சு, தெரியும்ல? இந்த வருஷம் நான் இன்டர்வியூல உக்காரணும், பாய்," என்றான். கேட்டுக்கொள்வதுபோல் இல்லை, தகவல் சொல்வதுபோல் இருந்தது. ரஞ்சனுக்கு அது கெஞ்சலாக இருந்திருந்தால் மறுக்கச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம். ராணுவத்திலும் மத்திய அரசு நிறுவனங்களிலும் வேலைக்கு வந்த தமிழர்கள் திருமுல்கேரியில் கட்டிய முருகன் கோயிலில், சாமி சப்பரத்தில் புறப்படுவார். தூக்குகிறவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். பொறியாளர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர் என்று பக்தர்களே இரண்டு நீளத் தண்டுகளுக்கு அடியில் தோள் கொடுப்பார்கள். ப்ளஸ் டூ படிக்கும்போதிலிருந்து ரஞ்சனுக்கு வலது தண்டில் இரண்டாவது இடம். முன்னால் குணசேகரன், மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பொறியாளர், நிகிலைவிட ஒரு விரல் உயரம்.

ரஞ்சனுக்கு வருடத்தில் கர்வப்பட ஒரே ஒரு மாலை உண்டென்றால் அது இதுதான். நாதஸ்வரம் முன்னே போக, ராணுவ மதில் ஓரமாகச் சப்பரம் அசைந்து வரும். காவலில் நிற்கும் சிப்பாய், துப்பாக்கியை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வான். வேகத்தடை வரும்போதெல்லாம் "பாத்து, பாத்து" என்று பின்னால் இருப்பவர்களுக்குச் சேதி சொல்வது ரஞ்சன்தான். யாரும் அவனைச் சொல்லச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் தோள் விண்ணென்று தெறிக்கும். சாவித்ரி தைலம் தேய்த்துவிடுவாள். "இன்னும் கொஞ்சம் மேலம்மா" என்று கண்ணை மூடிக்கொள்வான். சாமியைச் சுமந்த வலி. மற்ற வலிகளைப் போல அதற்குப் புலம்பக் கூடாது. ஆனால் நான்கு பேருக்குத் தெரியலாம்.

இந்த வருடம் ஊர்வலத்தைப் பார்க்கச் சபீனா வந்திருந்தாள். லால் பஜார் திருப்பத்தில் கூட்டம் மறைக்கவே, ஒரு காருக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து, போனைத் தாழப் பிடித்து வீடியோ எடுத்தாள். மறுநாள் காலை அதைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுக் கீழே எழுதினாள்: "லீடர் சாப், உன் தோளுக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு பூனை படுத்துத் தூங்கலாம்."

அதற்கு நிகில் பதில் போட்டிருந்தான். "ஹவ்."

ரஞ்சன் வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தான். நிறுத்திப் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து பார்த்தான். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பேசுகிறவனைப் போல அவன் வலது தோள் உயர்ந்து நிற்கிறது. முகத்தில் பாரம் தெரிகிறது. தண்டு அவனுக்கு மேலே, தனக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லாதது போல, காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு பூவை வைத்தால்கூட நசுங்காது. கண்ணை முன்னால் ஓட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. குணசேகரனின் வேட்டி முழங்கால் அருகில் மடங்கியே இருந்தது. ஒவ்வொரு வருடமும் அவர் அப்படித்தான் நடக்கிறார். முட்டிவலி என்று ரஞ்சன் நினைத்திருந்தான். போன வருடம் ஒரு தைலத்தின் பெயர்கூடச் சொல்லியிருந்தான்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனான். மண்டபத்தின் பின்னால் குணசேகரன் தண்டுகளிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, என் தோளு தண்டுல படவே இல்ல."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத வருஷமே தெரியும். சின்னப் பையன், வளருவேன்னு நெனச்சோம்." கயிற்றை முழங்கையில் சுற்றினார். "வளரல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு? வளருன்னா?"

ரஞ்சன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "அப்ப எனக்கு ஏன் தோள் வலிக்குது?"

"ஊர் பூரா எட்டி எட்டித் தூக்கிட்டு வந்தா வலிக்காதா? எங்களுக்குச் சாமி கனம்டா. உனக்கு உன் தோளே கனம்."

"உங்க முட்டி?"

"முட்டிக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. நான் நிமிந்து நடந்தா பாரம் மொத்தமும் எம்மேல ஏறிக்கும். மத்தவனெல்லாம் கைய வீசிட்டு வரவேண்டியதுதான். அதான் மடக்கிக்கறேன்." பிறகு ரஞ்சனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியும் உனக்கு எட்டல. இதுக்கு மேல மடக்கணும்னா நான் தவழ்ந்துதான் வரணும்."

ரஞ்சனுக்குச் சிரிப்பு வந்தது. "அடுத்த வருஷம் நான் வரட்டுமா, நக்கோவா? வேணாம்னா சொல்லிடுங்க."

"கைக்கு நக்கோ? எடத்தக் காலியா விட்டா நல்லாவா இருக்கும்? ஒரு துண்ட நாலா மடிச்சுத் தோள்ல வெச்சுக்க," என்று சொல்லிவிட்டு, அவிழ்த்த கயிற்றின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தவன் மடிக்கணினியைத் திறந்தான். "சும்மா ஒரு தடவ பாத்துடறேன்" என்று வாய் தானாகச் சொன்னது. அழித்தவை சேரும் குப்பைத்தொட்டியைத் துழாவி, நிகிலின் ஸ்லைடை எடுத்தான். மஞ்சள் அவன் நினைவில் இருந்ததைவிட மஞ்சளாக இருந்தது. சிவப்பில் ஒரே ஒரு வரி: 'கூட்டத்தில் ஒருவன் பேசாமல் இருந்தால், அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லையா, அல்லது கேட்க ஆள் இல்லையா?' எழுத்துப்பிழையும் இருந்தது. சுட்டி அந்தப் பிழையின் அருகில் போய் நின்றது. சாவித்ரி வந்து சாப்பிடக் கூப்பிட்டுப் போன பிறகும் அங்கேயேதான் நின்றது. கடைசியில் ரஞ்சன் சுட்டியை விட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

"உன் ஸ்லைட நீயே பேசு."

"நீ அழிச்சிட்டியே?"

"திரும்பப் போட்டுட்டேன்."

"மஞ்சளோடவா?"

"மஞ்சளோடதான்."

"ஹவ்," என்றான் நிகில். இந்த ஹவ் கொஞ்சம் நீளமாக இருந்தது.

பிறகு ரஞ்சன் கட்டுரைக்குள் இறங்கினான். 'நான்' வருகிற இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனதில் அது அரைப் பக்கமாக வற்றிவிட்டது. பேராசிரியை கேட்டது இரண்டு பக்கம். மீதியை அவன் நிரப்பவில்லை.

திங்கட்கிழமை, பேச்சு தொடங்குவதற்கு முன்பே, அவன் அந்த அரைப் பக்கத்தைப் பேராசிரியையின் மேஜைமேல் வைத்தான். அடியில் மூன்று பெயர்கள், அவன் கையெழுத்து. "இப்பவே கையெழுத்தா? பேசி முடிச்சப்புறம் குடுத்தாப் போதுமே" என்றார் அவர், மிக அபூர்வமாக வாயால். "பரவால்ல மேடம்," என்றான். சபீனா அவனைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் மடிக்கணினிக்கு விபூதி வைக்க அவன் மறந்துபோயிருந்தான். மேடையேறிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

சபீனா பேசி முடித்தாள். ரஞ்சன் பேசினான். திரையில் மஞ்சள் வந்தது. வகுப்பில் யாரோ சிரித்தார்கள். நிகில் முன்னால் வந்து முதல் வாக்கியத்தைச் சொன்னான். இரண்டாவதில் பாதி சொன்னான். அங்கே நின்றுவிட்டான். நெற்றி வேர்த்தது. பேராசிரியை பேனாவை எடுத்தார். மீதிப் பாதி ரஞ்சனுக்குத் தெரியும். அதைவிட நல்ல பாதியும் தெரியும். சபீனா முழங்கையால் அவனை இடித்தாள். வகுப்பு முழுவதும் நிகிலை விட்டுவிட்டு ரஞ்சனைப் பார்த்தது.

ரஞ்சன் திறந்த வாயை மூடிக்கொண்டான். வரிசையில் நின்ற மூவரில் ஆகக் குள்ளமானவன், யாருக்கும் தெரியாதபடி முழங்காலை மெல்ல மடக்கினான்.