கிரிப்பரை மூடியவன் போட்டோ

எனக்குத் துரோகம் செய்தவன் பாஸ்கர், எங்கள் முதலாளியின் மச்சான். விளையாட்டுச் சாமான் கடையில் வாங்க வருகிறவர்கள் எல்லாம் பலசாலிகள், எடுத்துக் கொடுக்கிறவன் மட்டும் நோஞ்சான் என்பதுதான் வழக்கம். கடையில் நின்று கால் வீங்கியவர்களுக்கு இது புரியும்.

இடது கை

தில்லை நகரில் இருக்கிறது எங்கள் கடை. மேசையில், கைக்குப் பலம் ஏற்றுகிற ஒரு கிரிப்பரைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். இரண்டு கைப்பிடி, தலையில் ஒரு முரட்டு ஸ்பிரிங். ஒரே கையால் அமுக்கி இரண்டு பிடியையும் முட்ட வைத்தால், அந்த ஆளைப் போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். முட்ட வைத்தவர் யாரும் இல்லாததால் சுவர் காலியாகவே இருந்தது.

அந்தச் சுவருக்குக் கீழே வருஷக்கணக்காக நிற்கிறவன் நான். எனக்கு ஆசை வராதா? கூட்டமில்லாத நேரத்தில் அமுக்கிப் பழகினேன். பிடி விரிந்து நிற்கும்போது என் விரல் நுனிதான் எட்டும். அதனால் இடது கையால் கொஞ்சம் நெருக்கி, வலது கையில் பொருத்திக்கொண்டு, இடது கையை எடுத்துவிட்டு அமுக்குவேன். ஒரு நாள் முதலாளி கண் முன்னாலேயே முட்டியது. டிக் என்று சத்தமும் கேட்டது. அவர் போட்டோ பிடிக்கப் போனை எடுத்தார். பாஸ்கர் குறுக்கே வந்தான்.

"இடது கை பட்டுடுச்சுண்ணே. இதெல்லாம் கணக்குல வராது."

மாட்டுக்காரர்

வையம்பட்டியிலிருந்து ஒருவர் வாலிபால் வாங்க வந்தார். தினமும் மாடு கறக்கிற கை, இது என்ன பிரமாதம் என்று கிரிப்பரைப் பிடித்தார். கறக்கும்போது விரல் மேலிருந்து ஒவ்வொன்றாக மடங்கும். இங்கே நாலும் சேர்ந்து இழுக்க வேண்டும், அதிலே சுண்டுவிரல்தான் முதலில் கைவிடும். பாதி தூரம்கூட வரவில்லை. அவர் கோபப்படவில்லை. கிரிப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாடு இப்படி முரண்டு பண்ணியிருந்தா மணப்பாறை சந்தையில தள்ளிவிட்டிருப்பேங்க."

ஸ்ரீரங்கத்துத் தோள்

புறப்பாட்டில் பெருமாள் பல்லக்கைச் சுமக்கிற, அவர்கள் பாஷையில் ஏளப்பண்ணுகிற, ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் முழங்கால் பட்டி வாங்க வருவார். அத்தனை பாரம் சுமக்கிறவருக்கு இது தூசு என்று நான்தான் உசுப்பிவிட்டேன். முகம் சிவக்க அமுக்கினார். ஸ்பிரிங் மரியாதைக்குக்கூட அசையவில்லை. பாஸ்கர் சிரித்தான். அவர் நிதானமாகக் கையை உதறிக்கொண்டார்.

"பெருமாளைத் தோள்லன்னா ஏளப்பண்றோம். கை சும்மா கூட வரது."

போர்வை

இடது கை படாமல் மூடிக் காட்டுவது என்று வீட்டுக்கு ஒரு கிரிப்பர் வாங்கிப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, பிடிகள் முட்டுகிற இடத்தில் எனக்கு இருந்த பலம் விரிந்த இடத்தில் இல்லை. அதே கை, அதே ஸ்பிரிங், ஆனால் அங்கே நான் புது ஆள். முதலிலிருந்து ஆரம்பித்தேன். டீ குடிக்கிற நேரம்கூட அது கையில் இருக்கும்.

அந்தச் சமயம் என் மனைவி ஈரப் போர்வையை நீட்டிப் பிழியச் சொன்னாள். அமுக்கத் தெரிந்த கைக்கு முறுக்க வரவில்லை. கொடியில் போட்ட போர்வை சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் அதை எடுத்துத் தானே பிழிந்தாள்.

"கடையில நிஜமாவே வேலைதான் பார்க்கிறீங்களா?"

சம்பந்தி

முதலில் கடையில் பழகிக்கொண்டிருந்தபோதே, போட்டோ வரப்போகிறது என்று சம்பந்தியிடம் போனில் சொல்லித் தொலைத்திருந்தேன். அவர் மாம்பழச்சாலையில் இருப்பவர். எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புவார். பஸ் பிடித்து வந்துவிட்டார்.

அவர் வந்தபோது சுவரில் ஒரு போட்டோ இருந்தது. பாஸ்கருடையது. வெளிநாட்டுப் போட்டியில் இடது கையால் நெருக்கிப் பொருத்திக்கொள்ள அனுமதி உண்டு என்று போனில் பார்த்துவிட்டு, அதே மாதிரி மூடி மாட்டிக்கொண்டான். நான் செய்தபோது கணக்கில் வராத அதே இடது கை. சம்பந்தி போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோல ரொம்ப இளமையா விழுந்திருக்கீங்க, சம்பந்தி."

புது ரூல்

கடைசியில் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, விரிந்த பிடியை அப்படியே மூடினேன். முதலாளி பார்த்தார். பாஸ்கர் அசரவில்லை. இடது கையால் பொருத்தி, இரண்டு பிடிக்கும் நடுவில் போதுமான இடைவெளி இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் அமுக்க வேண்டும், ரூல் மாறிவிட்டது என்றான். சரி என்று அப்படியும் செய்தேன். விரிந்த பிடியோடு மல்லுக்கட்டிய கைக்கு அது லேசாக இருந்தது. டிக்.

முதலாளி போனைத் தேடினார். பாஸ்கர் கிரிப்பரை வாங்கி, டாக்டர் நாடி பார்ப்பது போல ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தான்.

"எல்லாரும் அமுக்கி அமுக்கி இது தளர்ந்து போச்சுண்ணே. புதுசு வரட்டும், அதுல மூடுங்க."

ஒரு முறையில் பழகிய பலம் இன்னொரு முறைக்குக் கொஞ்சம் சிந்திச் சிதறியாவது வந்து சேர்ந்துவிடுகிறது, பாஸ்கரிடமிருந்து எனக்கு வர வேண்டிய அந்த ஒரு போட்டோதான் எந்த முறையிலும் வந்து சேரவில்லை.