ஆகாயத்தில் வந்த வருத்தம்

போன மாதம் ஆகாயத்தில் வைத்து என் கணவருக்கு வருத்தம் வந்துவிட்டது.

உங்களில் பாதிப் பேருக்கு இது ஏற்கனவே தெரிந்திருக்கும். சாய்ந்தமருதில் ஒருவர் தும்மினால் மருதமுனையில் 'யர்ஹமுகல்லாஹ்' சொல்லும் ஊர் நம்முடையது. கல்முனைச் சந்தையில் மீன் வாங்கப் போன என்னை மறித்து, "உங்கட மனுசனுக்காக பிளேனையே திருப்பினதாமே?" என்று கேட்டார் ஒருவர். இல்லை. பிளேன் திரும்பவில்லை. அப்படியானால் என்னதான் நடந்தது? அதுதான் எனக்கும் இன்னும் சரியாக விளங்கவில்லை. எழுதிப் பார்த்தால் விளங்குமோ என்றுதான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

முதலில் எங்கள் பயணக் காரணம். ஒரே மகள் றிஸ்னா லண்டனில் இருக்கிறாள். நம் பக்கத்து வழக்கப்படி பெண் பிள்ளை தாய் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். அதற்காகவே மகளுக்கென்று வீடு கட்டிக் கொடுக்கிறோம். என் கணவர் கல்முனை பஸாரில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். மகளின் வீட்டுக்குக் கம்பி, சீமெந்து, கதவுப் பிணைச்சல் வரை தானே பார்த்துப் பொறுக்கிக் கட்டினார். மாப்பிள்ளையும் முறைப்படி வந்தார். வந்தவர் மகளையும் கூட்டிக்கொண்டு லண்டன் போய்விட்டார்.

பயணத்துக்கு முந்திய வாரம் மகள் கோல் எடுத்தாள்.

"வாப்பா, நாங்க இஞ்சயே இரிக்கிற எண்டு முடிவெடுத்திட்டம். அந்த வீட்ட சும்மா பூட்டி வெச்சி என்ன செய்யிற? வித்துப்போடுங்களன்."

"சரி மகள்" என்றார் இவர்.

அதோடு வீட்டில் இவருடைய கதை பேச்சு குறைந்தது. சோறும் குறைந்தது. நான் என்ன நினைத்தேன்? பிளேனுக்குப் பயம் என்று நினைத்தேன். முதல் பயணம் அல்லவா? கொழும்பு பஸ்ஸிலேயே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு திக்ர் ஓதிக்கொண்டு போகிற மனுசன்!

உடனே வைத்தியத்தில் இறங்கினேன். விமானப் பயணத்தில் உடம்பையும் மனதையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்தேன். ஐயோ... கேட்காமலே இருந்திருக்கலாம்.

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பிளேன் காற்று உடம்பைக் காய வைத்துவிடும் என்றார்கள். சரி. குடித்தால் எழும்ப வேண்டும். எழும்பினால் பக்கத்து சீட்காரரும் எழும்ப வேண்டும். அவர் தூங்கினால்? தூங்கினால் மனம் லேசாகும் என்றார்கள். ஒரே இருப்பில் தூங்கினால் காலில் இரத்தம் கட்டும் என்றும் அதே ஆட்களே சொன்னார்கள். இடைக்கிடை நடக்க வேண்டுமாம். நடக்க எழும்பினால் பெல்ட்டைப் போடு என்று லைட் எரிகிறது. கோப்பி கூடாது, படபடப்புத் தரும். ஆனால் கோப்பி இல்லாவிட்டால் இவருக்குத் தலையிடி வரும், அந்தத் தலையிடி எனக்குப் படபடப்புத் தரும்.

குளிசை விடயம் இன்னும் மோசம். இவருக்குப் பிரஷர். ராவைக்கு ஒரு மருந்துக் குளிசை குடிக்க வேண்டும். எந்த ஊர் ராவைக்கு? கல்முனை ராவா, லண்டன் ராவா? கிளினிக் டொக்டர் அழகாக விளக்கிச் சொன்னார். கேட்கும்போது விளங்கியது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேன் ஏறும்போது எல்லாம் கலங்கிவிட்டது. குளிசைகளைக் கையில் கொண்டு போ என்றாள் என் கூடப்பிறந்த ராத்தா. கையில் கொண்டு போனால் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பேக்கில் போடு என்றார் ராத்தாவின் கணவர். நான் பாதியை இதிலும் பாதியை அதிலும் போட்டேன். (கையில் கொண்டு போனதுதான் சரி. யாரும் பிடுங்கவில்லை.)

கால் வீங்காமல் இருக்க முழங்கால் வரை இறுக்கும் சொக்ஸ் வாங்கிப் போட்டுவிட்டேன். வாழ்நாளெல்லாம் சாரம் கட்டிக் காற்று வாங்கிய கால் அது.

"இது சொக்ஸா புள்ள, விலங்கா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் கதைத்த ஒரே வசனம் அதுதான்.

வளைகுடாவில் பிளேன் மாறினோம். இரண்டாவது பிளேன் காலையில் கிளம்பியது. சாப்பாடு வந்தது, இவர் தொடவில்லை. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரை நீட்டுகிறேன், காலை ஆட்டச் சொல்கிறேன். திடீரென்று நெஞ்சில் கையை வைத்தார்.

"நெஞ்சு அடைக்கிது புள்ள. மூச்செடுக்க ஏலாம இரிக்கி."

எனக்கு உயிரே இல்லை. முகத்தைப் பார்த்தால் வெளிறிக் கிடக்கிறது. கீழே கடலா, மலையா, எந்த நாடா, ஒன்றும் தெரியாது. வாய் ஆயத்துல் குர்ஸி ஓதுகிறது, கை மணியை அமத்துகிறது. எயார் ஹோஸ்டஸ் பிள்ளை ஓடி வந்தாள். நாங்கள் கதைப்பதைக் கேட்டு, "நீங்க தமிழா மேடம்? நான் மதுரை. என்ன ஆச்சு?" என்றாள்.

அல்ஹம்துலில்லாஹ். தமிழ் தெரிந்த பிள்ளை. இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

"மகள், இவருக்குச் சரியான வருத்தம்" என்றேன்.

அவள் இவருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, கையைப் பிடித்துக்கொண்டாள். "வருத்தப்படாதீங்க சார். எல்லாம் சரியாயிடும்."

நான் திகைத்துப்போனேன். வருத்தம் ஒருவர் விரும்பிப் படுகிற காரியமா, படாதீங்க என்று சொல்ல?

"இல்ல மகள், வருத்தம் கூடிட்டு."

"எவ்வளவு நாளா இப்படி வருத்தமா இருக்காரு?"

"அஞ்சாறு வருசமா. மாதா மாதம் கிளினிக்குக்குப் போற."

"அஞ்சாறு வருஷமாவா?" அந்தப் பிள்ளையின் கண் கலங்கிவிட்டது.

"அவங்கட வாப்பாக்கும் இதே வருத்தம் இரிந்த. பரம்பரை வருத்தம்."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. மனுசன் மூச்சுக்குத் தவிக்கிறார், இவள் கண் கலங்கிக்கொண்டு நிற்கிறாள். "குளிசை குடிச்சவர், குளிசை, குளிசை" என்று கையை ஆட்டிச் சொன்னேன். குளிர் என்று நினைத்தாளோ என்னவோ, ஓடிப்போய்ப் போர்வை கொண்டு வந்து போர்த்திவிட்டாள்.

கடைசியில் நானே என் நெஞ்சில் அடித்துக் காட்டி, "பிரஷர், பிரஷர்" என்றேன். அந்த இங்கிலீஷ் சொல்தான் இரண்டு தமிழையும் காப்பாற்றியது. அதற்குப் பிறகு அவள் பறந்தாள். ஒக்சிசன் வந்தது. டொக்டர் யாரும் இருக்கிறீர்களா என்று மைக்கில் கேட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு டொக்டரம்மா வந்து நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், கை நோகிறதா என்று கேட்டார், சொக்ஸைக் கழற்றச் சொன்னார். பிரஷர் கொஞ்சம் கூட, ஆனால் பயப்படும்படி இல்லை, இறங்கியதும் கட்டாயம் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார். மெதுவாக மூச்செடுக்கப் பழக்கினார். இவருடைய முகத்தில் இரத்தம் திரும்பியது.

கொஞ்ச நேரம் கழித்து மதுரைப் பிள்ளை மறுபடி வந்தாள்.

"சாரி மேடம். வருத்தம்னா நான் மனக்கஷ்டம்னு நினைச்சிட்டேன். எங்க ஊர்ல அதுக்கு அதுதான் அர்த்தம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பரம்பரை மனக்கஷ்டம், மாதா மாதம் கிளினிக்கில் காட்டுகிற மனக்கஷ்டம்... எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பாவம்.

இவர் சிரிக்கவில்லை.

"நீங்க நெனச்சதும் சரிதான் மகள்" என்றார்.

பிறகு கதைத்தார். ஒரு வாரமாக மூடிக் கிடந்த வாய். "ஊரில உள்ள எல்லார்ட வீட்டுக்கும் சீமெந்து குடுத்தவன் நான். என்ட மகளுக்கும் ஒரு வீடு கட்டின. இப்ப விக்கச் சொல்றா. நான் 'சரி' எண்டுட்டன். ஆனா சரி இல்ல மகள். அந்த வீடு கிடந்தாத்தான் அவ எப்பவாவது வருவா எண்டு ஒரு நெனப்பு கிடக்கும். வித்தா அதுவும் இல்ல."

அவள் நின்றபடியே கேட்டாள். "எங்கப்பாவும் போன்ல இப்படித்தான் சார். எதுக்கெடுத்தாலும் 'சரிம்மா'ன்னுதான் சொல்வாரு" என்றாள். யாரோ மணி அடித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

எனக்குச் சரியான கோபம். இத்தனை வருடம் பக்கத்தில் கிடப்பவள் நான். என்னிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கா சொல்வது?

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீ எங்க கேட்ட? தண்ணி குடிச்சா, கால ஆட்டினா, குளிசை குடிச்சா எண்டுதானே கேட்ட."

கையில் பிடித்திருந்த தண்ணீரை நானே குடித்துவிட்டேன்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். இவருக்கு வந்தது எந்த வருத்தம்? எங்கள் வருத்தமா, மதுரை வருத்தமா? மூச்சைத் திறந்தது ஒக்சிசனா, கதையா? டொக்டரம்மாவைக் கேட்டால் ஒன்று சொல்வார், மதுரைப் பிள்ளையைக் கேட்டால் இன்னொன்று சொல்வாள். நோய்க்கும் துக்கத்துக்கும் நாங்களும் அவர்களும் ஒரே சொல்லைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பது சும்மா இல்லை என்று மட்டும் ஒரு சந்தேகம். (அதற்காக, நெஞ்சு அடைத்தால் கதை கேட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். முதலில் டொக்டர். கதை பிறகு.)

லண்டன் ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். நெஞ்சில் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சொல்லியிருக்கவே மாட்டார்.

றிஸ்னா வாப்பாவின் காலடியில் வந்து இருந்து அழுதாள். "விக்க வேணாம் வாப்பா. ஆனா அங்க வந்து இரிக்கவும் எனக்கு ஏலா. புள்ளையள்ற படிப்பெல்லாம் இஞ்சதான்."

"வராட்டியும் பரவாயில்ல மகள். உன்ட வீடு எண்டு ஒண்டு அங்க கிடக்கட்டும். நான் கூட்டித் துடைச்சி வெச்சிக்கொள்றன்."

அன்றைக்கு மனுசன் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பி வரும் பிளேனில் இவரைப் பார்க்க வேண்டுமே. கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டார். கோப்பி இரண்டு தடவை கேட்டார். நடக்கவில்லை, காலை ஆட்டவில்லை, சொக்ஸ் பேக்கிலேயே கிடந்தது. வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம்.

நான் ஜன்னலால் பார்த்தேன். லண்டன் சின்னதாகி, மேகத்துக்குள் போய் மறைந்தது. மகள் வழியனுப்பும்போது என் தோளில் முகத்தை வைத்து "உம்மா" என்று மட்டும் கூப்பிட்டது காதுக்குள் கேட்டது. தண்ணீர் குடித்தேன். எழும்பி நடந்தேன். மெதுவாக மூச்செடுத்தும் பார்த்தேன். நெஞ்சு அடைத்தது அடைத்தபடியே இருந்தது.

தமிழ் தெரியாத ஒரு பிள்ளை வந்து குனிந்தாள். "ஆர் யூ சிக், மேடம்?"

வருத்தமா என்று கேட்கிறாள். எங்கள் ஊருக்கு 'இல்லை', மதுரைக்கு 'ஓம்'. இங்கிலீஷில் அவளுக்கு என்ன சொல்வது?