கண்ணாடி ரூமுக்குள் ஒரு தெப்பக்குளம்

போன வாரம் எங்கள் வீட்டுப் புது ரூமுக்குள் ஒரு கன்றுக்குட்டி நுழைந்தது. வழி தவறி அல்ல... நாங்கள் அழைத்துத்தான்!

ராசிபுரம் பக்கம் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. அதை ஒட்டி மாட்டுப்பட்டி. மாடுகளை விற்றுப் பல வருஷமாகியும் என் அண்ணன் அங்கே ஒரு செங்கல் வைக்க விடவில்லை. காரணம் – பட்டிப் பொங்கல். மாட்டுப் பொங்கலன்று பட்டிக்குள் சாணியால் வரப்புக் கட்டி, சின்னதாகத் தெப்பக்குளம் அமைத்து, தண்ணீர் ஊற்றிக் கன்றை மிதிக்க வைப்போம். மாடு போன பிறகும் பக்கத்துத் தோட்டத்துக் கன்றை இரவல் வாங்கி நடத்துகிற மனிதர் அவர்.

அண்ணனின் மருமகள் பிரியா ஆர்க்கிடெக்ட். அதே இடத்தில் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு ரூம் கட்ட பிளானோடு வந்தாள். அண்ணனுக்கு வந்ததே கோபம்!

“ஓட்டு ஊட்டுப் பக்கத்துல பெட்ரோல் பங்க்காட்ட இதென்ன? நான் அதுக்குள்ள காலே வெக்க மாட்டேன்.”

“பழசாட்டவே கட்டுனா வேசம் போட்ட மாதிரி இருக்குமுங்க மாமா. நடுவுல பாருங்க...” பிளானில், தரையின் நடுவே ஒரு சதுரப் பள்ளம். “தெப்பக்குளமுங்க. நீங்க வருசா வருசம் கட்டற அதே எடம்.”

அண்ணன் பிளானை வாங்கி அந்தச் சதுரத்தை உற்றுப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர்தான் சம்மதம்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு, கட்டி முடித்த ரூமைத் திறந்து பார்த்தால்... பள்ளத்தைக் காணோம்! கொத்தனார் சிமென்ட்டால் நிரப்பி, மேலே டைல்ஸும் ஒட்டியிருந்தார்.

“லெவல் தப்பாப் போயிருச்சாட்ட இருக்குதுன்னு சரி பண்ணிட்டனுங்க. யாராச்சும் தடுக்கி உழுந்துட்டா?”

நல்ல மனசோடு செய்த மனிதரை என்னவென்று திட்டுவது? பிரியா அழுதேவிட்டாள்.

அப்போது உள்ளே வந்தார் அண்ணன். கையில் கடப்பாரை!

“அழுவாத கண்ணு. எந்த எடம்னு எனக்குத் தெரியும்.”

பிளானைக்கூடக் கேட்கவில்லை. நேராக நடுவில் போய் நின்று, புது டைல்ஸில் ஒரே குத்து. இத்தனை நாள் அவர் கேட்டது பழைய பட்டியை அல்ல, அந்தச் சின்னக் குளத்துக்கு ஓர் இடத்தைத்தான் என்பது, கூடப் பிறந்த எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

மாட்டுப் பொங்கலன்று சாணி வரப்பு, தண்ணீர், இரவல் கன்று எல்லாம் வந்தாயிற்று. வழுக்காமலிருக்கச் சாக்கு விரித்தோம். கன்று குளத்தை மிதித்தது. பிறகு சாக்கை விட்டு இறங்கி, ரூம் முழுக்கச் சாணிக் குளம்படி வைத்துவிட்டுப் போனது. துடைக்க ஓடிய பிரியாவை அண்ணன் தடுத்துவிட்டார்.

காலே வைக்க மாட்டேன் என்றவரின் கட்டில் இப்போது அந்த ரூமில்தான் கிடக்கிறது!