காதர் பாய் நீக்கிய கிணறுகள்

செவ்வாய்க்கிழமை காலை ரோஜாத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது காதர் பாயின் மருமகன் போன் செய்தார். "மாமா போயிட்டாருங்கண்ணா. ஓசூர் ஆஸ்பத்திரியிலதான்." அடுத்த வாரம் ஆட்சியர் அலுவலகத்தில் எங்கள் கிணற்றுநீர் பற்றிய கூட்டம்; இனி பாய் இல்லாமல் நான்தான் பேச வேண்டும். எனக்குத் துக்கத்துக்கு முன் பயம்தான் வந்தது. சொல்ல வெட்கமாயிருக்கிறது.

ஓசூர் பக்கம் பேரிகையில் தக்காளி மொத்த வியாபாரம் செய்தவர் பாய். சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் கிடையாது. ஆனாலும் எங்கள் விவசாயிகள் சங்கத்துக்கு வழிகாட்டியவர் அவரே.

புதிய தொழிற்பேட்டை கேட்டு ஆலை முதலாளிகள் தடிமனான அறிக்கையோடு சென்னைக்குப் போனார்கள். அதில் எங்கள் நிலமெல்லாம் தரிசு என்றிருந்தது. நாங்கள் மறியலுக்குக் கிளம்பினோம். பாய் தடுத்தார்.

"கத்துனா ஒரு நாள் பேப்பர்ல வரும். அவங்க தாளு கோட்டைக்குள்ள இருக்குது. நம்ம தாளும் அங்க போவணும்."

இது தரிசல்ல, ஆலைகள் கெடுத்துவரும் விவசாய நிலம் என்று காட்டக் கிணறு கிணறாக நடந்தோம். பழைய ஆலைகளின் கழிவால் கெட்டுப்போன தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பிப் பட்டியல் தயாரித்தோம். என் கிணற்றையும் நான் சேர்த்துவிட்டேன். ஆலைகள் வருமுன்பே உப்பாகிப்போன கிணறு அது.

பட்டியல் அனுப்புவதற்கு முதல்நாள் பாய் வீட்டுக்கு வந்தார். "முனிராஜு, உன் கிணறு எப்ப உப்பாச்சு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒரு பொய் மாட்டுனா போதும்பா. மத்த எல்லாத்தையும் குப்பைன்னுருவாங்க."

என்னுடையதோடு, அதேபோல முன்பே கெட்டிருந்த இன்னும் நான்கு கிணறுகளை நீக்கினார். ஆலைக்காரர்களிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டார் என்று சங்கத்திலேயே பேசினார்கள். சிலர் அவருக்குத் தக்காளி போடுவதை நிறுத்தினார்கள். செயலாளரான நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பட்டியல் கோட்டைக்குப் போனது; அதைச் சரிபார்க்க அதிகாரிகள் திடீரென்று வந்தார்கள். பார்க்க வேண்டிய கிணறுகளை அவர்களே பட்டியலில் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. தொழிற்பேட்டைக் கோப்பு நின்றது. கிணற்றுநீர் முதன்முறையாக அரசுக் கூட்டத்தின் பேசுபொருளானது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம தாளு இப்பதான் மேல ஏறியிருக்குது. அசந்தா எறக்கிருவாங்க."

அடக்கம் முடிந்து வெளியே வரும்போது சங்கத் தலைவர் என் காதோரம் கேட்டார்: "விட்ட கிணறுங்கள சேத்துரலாமா? இனிமே தடுக்க ஆளில்லையே."

"நான் இருக்கறேன்," என்றேன். "என் கிணறு முன்னாலயே உப்புதாங்க."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். என் உள்ளங்கையில் கபரஸ்தான் மண் இன்னும் ஒட்டியிருந்தது. தட்டிவிட மனம் வரவில்லை.

போய்வாருங்கள் பாய். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கூட்டத்துக்கு உங்கள் பட்டியலைத்தான் கொண்டுபோகிறேன்.