எட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பக்கத்துக்கு

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

"மில்லை வாங்குன புதுக் கம்பெனிக்காரக, ஆபீஸ் ஆளுக அத்தனை பேருகிட்டயும் ரெஸ்யூமே கேட்டிருக்காக. கூடவே கவர் லெட்டராம். வெள்ளிக்கிழமைக்குள்ள தரணும். அதைப் பாத்துத்தான் யாரு இருக்கணும், யாரு போகணும்னு முடிவு பண்ணுவாகளாம்."

என் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

அவர் புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். ஐம்பது தாண்டியாச்சு. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. பழைய முதலாளி வயதாகிவிட்டதென்று மில்லை கோயம்புத்தூர்க்காரர்களுக்கு விற்றுவிட்டார். மகள் பெங்களூரில் கடைசி வருஷம் படிக்கிறாள். வீட்டு லோன் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வயதில் வேலை போனால் யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்?

மனுஷர் வாழ்நாளில் ரெஸ்யூமே எழுதியதில்லை. எங்கள் பக்கம் வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வியே, "நீக எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ள?" என்பதுதான். பதில் சரியாக இருந்தால் மறுநாளே வேலைக்கு வரலாம். அவருக்கும் அப்படிக் கிடைத்த வேலைதான்.

அதையேதான் எழுதி வைத்திருந்தார். மறுநாள் சாயங்காலம் எட்டுப் பக்கத்தை என் கையில் கொடுத்தார். முதல் பக்கம் முழுக்க அவருடைய அப்பா. இரண்டாவதில் தாய்மாமன் — சிவகங்கை கோர்ட்டில் வேலை பார்த்தவர். மூன்றாவதில் என் அப்பாகூட வந்துவிட்டார், கண்டனூரில் நல்ல பெயர் எடுத்த வாத்தியார் என்று. கவர் லெட்டர் தனியாக நாலு பக்கம். அதில் பழைய முதலாளியின் தங்கமான குணத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

"எல்லாஞ் சரி. இதுல நீக எங்க இருக்கீக?"

"கடைசிப் பக்கத்துல இருக்கேனே."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மகளுக்கு போன் போட்டோம்.

"அப்பா, ரெஸ்யூமே ஒரு பக்கம். மிஞ்சிப் போனா ரெண்டு. கவர் லெட்டர் அரைப் பக்கம். அதுக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்கப்பா."

வாரா வாரம் பத்திரிகை ஆசிரியர் கொடுக்கும் இந்தச் சின்ன இடத்துக்குள் எழுதிப் பழகியவளாயிற்றே நான்... வெட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாமனாரை வெட்டினேன். தாய்மாமனை வெட்டினேன். பெற்ற அப்பாவையும் விட்டுவைக்கவில்லை.

வெட்ட வெட்ட பயம்தான் கூடியது. எட்டுப் பக்கத்தில் ஒரு கூட்டமே அவருக்குப் பின்னால் நின்றது. இப்போது தாளில் தனியாக நிற்கிறார். 'இந்த ஆள் இவ்வளவுதானா?' என்று நினைத்துவிட்டால்?

அவர் என்னதான் செய்தார் என்று துருவித் துருவிக் கேட்டேன். அவர் பார்த்து அனுப்பிய அரிசி லோடு ஒன்றுகூடத் தரம் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லையாம். இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாது.

"இதையெல்லாமா எழுதுவாக? தற்பெருமையால்ல இருக்கும்" என்று கூச்சப்பட்டார். எழுதினேன். ஒரு பக்கம், ஓர் அரைப் பக்கம். வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் புதுக் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. போன் அடித்ததும் ஓடினேன். எடுத்தால் யாரோ இன்ஷூரன்ஸ் விற்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காலை நேரம் வந்திருக்குமே?

மதியம் வந்தார். கையில் ஒரு காகிதக் கட்டு. சரிதான், கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்...

"வேலை?"

"இருக்கு."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. மேனேஜர் சொன்னதைச் சொன்னார்.

"உங்களோடது ஒண்ணுதானுங்க சார் முழுசாப் படிக்க முடிஞ்சுது. மத்தவங்க பத்து, பன்னெண்டு பக்கம் எழுதியிருக்காங்க. ஆளுக்கு ஒரு பக்கமா நீங்களே சுருக்கிக் குடுத்துருங்க. அதை வெச்சு யாரை வெச்சுக்கறது, யாரை அனுப்பறதுன்னு பார்த்துக்கலாம்."

கட்டைப் பிரித்தேன். மேலே இருந்தது எடை போடும் ஆபீஸ்காரருடையது. முதல் பக்கம் முழுக்க அவருடைய அப்பா. அடுத்தது ஸ்டோர்ஸில் இருக்கும் பெண்ணுடையது. முதல் பக்கத்தில் அவளுடைய மாமனார்.

பேனாவைத் திறந்தேன். ஒரு வரியைக்கூட அடிக்கக் கை வரவில்லை. எந்த வரியை எடுத்தால் யாருக்கு வேலை போகும்? என் வீட்டு வேலை நிலைத்துவிட்டது, பயம் மட்டும் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்திருக்கிறது.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாத்து வெட்டு. இந்நேரம் அவுக வீட்டுலயும் ஒருத்தி உன்னைய மாதிரி உக்காந்திருப்பா."