குளவி சேருக்கு ரெண்டு முட்டை

அன்றைக்குக் குளவி வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. "குளவி! குளவி!" என்று நான் கத்தியது பச்சைப் பொய்.

சொல்லிவிட்டேன்! எழுதி முடித்த கையோடு எழுந்துபோய், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் அவ்வளவு பெரிய வீரன்.

நீங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறக்காதவராக இருந்தால், "ஒரு பூச்சிக்கா இந்தப் பாடு?" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். இலங்கையில், எங்கள் ஊவா மலைகளில் குளவியைப் பூச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. காலையில் கொழுந்து பறிக்கப் போனவர்களை அது பிணமாக லயத்து வீடுகளுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஒரு மலையில் யாராவது அந்தச் சொல்லைக் கத்தினால், அடுத்த மலையில் இருப்பவர்களும் கூடையை எறிந்துவிட்டு ஓடுவார்கள். எங்கே, எப்படி என்று நின்று கேட்க மாட்டார்கள். அந்தச் சொல்லை வைத்து எங்கள் ஊரில் குடிகாரன்கூட விளையாட மாட்டான்.

நான் விளையாடினேன். வாத்தியாராகப் போகிறவன்!

முப்பது தாண்டித்தான் ஆசிரிய கலாசாலைக்குப் போனேன். அங்கே நான்தான் கோமாளி. விரிவுரையாளர்கள் இருமுவதைக்கூட அவர்களைப் போலவே இருமிக் காட்டுவேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்பது யாருக்கும் தெரியாது. சிரிப்புக் காட்டுகிறவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

கற்பித்தல் பயிற்சிக்கு என்னை ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். தரம் நான்கு. பயிற்சியின் கடைசியில் இரண்டு விரிவுரையாளர்கள் வந்து வகுப்பின் பின்னால் உட்கார்ந்து நான் பாடம் நடத்துவதைப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். அதில் தேறினால்தான் நிரந்தர நியமனம். வீட்டில் ஒரு கைக்குழந்தை வேறு!

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். முந்தின நாளே அந்தப் பாடத்தைப் பிள்ளைகளோடு ஒத்திகை பார்த்துவிட்டேன். யார் கை தூக்க வேண்டும், யார் பிழையாகச் சொல்ல வேண்டும், அதை நான் எவ்வளவு பொறுமையோடு திருத்த வேண்டும், எல்லாம்! பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியர் யாராவது இதை வாசித்தால் தலையைக் குனிந்துகொள்வார்கள். எனக்குத் தெரியும்.

பாவம், பிள்ளைகள் மிக நன்றாக நடித்துவிட்டார்கள். நான் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே விடை வந்தது. மூத்த விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, இது பிள்ளைகளுக்கு நல்லாப் பழகின பாடம் போல. அடுத்த பாடத்தை எடுங்களேன், பார்ப்போம்."

அடுத்த பாடம் பின்னங்கள். கரும்பலகையில் "பின்னங்கள்" என்று எழுதினேன். வெண்கட்டி உடைந்தது. குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தபோது மண்டைக்குள் ஒன்றும் இல்லை! அரை என்றால் என்ன, கால் என்றால் என்ன... என் பெயரைக் கேட்டிருந்தாலும் யோசித்திருப்பேன். பின்வரிசையில் இரண்டு பேனாக்களும் அசையாமல் என்னைப் பார்த்தன. முன்வரிசையில் நிரோஷா என்ற சின்னப் பெண், "சொல்லுங்க சேர்" என்பதுபோல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே வாகை மரத்தில் ஒரு குளவிக் கூடு தொங்கியது. அதை அகற்றச் சொல்லிப் பாடசாலை அதிபர் பலமுறை கேட்டும் யாரும் வந்திருக்கவில்லை. என் கண் அங்கே போயிற்று.

கத்திவிட்டேன்.

யோசித்துக் கத்தினேனா, கத்திய பிறகு யோசித்தேனா? எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குச் சாதகமாகவே பதில் சொல்லிக்கொள்கிறேன். அதனால் அந்தப் பதிலை நீங்கள் நம்ப வேண்டாம்.

பிள்ளைகள் மேசைக்கடியில் குப்புறப் படுத்தார்கள். விரிவுரையாளர்கள் ஓடிப்போய் வேனுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். ஒருவருடைய செருப்பு பூச்சாடிக்குப் பக்கத்தில் தனியாகக் கிடந்தது. நான் மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வகுப்பின் நடுவில் நின்றேன். வரப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தவன் நிற்காமல் என்ன செய்வான்? அதை வேனுக்குள் இருந்து பார்த்தவர்கள் தைரியம் என்று நினைத்தார்கள்.

என் சத்தம் ஜன்னலோடு நிற்கவில்லை. கீழே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களின் காதில் விழுந்தது. "குளவி! குளவி!" என்று அவர்களும் கத்திக்கொண்டு கீழ்ப்பக்கமாக ஓடினார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் மேலே ஓடி வந்தார். பாடசாலையை நோக்கி. நிரோஷாவின் அம்மா, பாக்கியம் அக்கா.

மகள் உள்ளே இருக்கிறாளே!

தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டிய ஆழமான கான் ஒன்று உண்டு. அதை அவர் தினமும் தாண்டுகிறவர்தான். அன்றைக்குத் தாண்டவில்லை. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

அவரைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. வேடிக்கையைக் கேளுங்கள், பொழுது சாய்வதற்குள் குளவியைக் கண்ணால் கண்டவர்கள் ஊரெல்லாம் முளைத்துவிட்டார்கள்! "கறுப்பா மேகம் மாதிரி வந்துச்சு" என்றார் ஒரு கங்காணி. ஒரு பையன் நுளம்புக் கடியைக் காட்டிக் குளவி கொட்டியது என்றான். அடுத்த நாளே ஆட்கள் வந்து அந்தக் கூட்டைப் புகை போட்டு எரித்தார்கள். ஒரு பாவமும் அறியாத குளவிகள்!

நான் தேறிவிட்டேன். "மாணவர் பாதுகாப்பை முதன்மைப்படுத்தும் ஆசிரியர்" என்று பாராட்டு வேறு. பின்னங்களைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

பதுளை ஆஸ்பத்திரிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன், நம்புங்கள்... கட்டிலில் கிடந்தபடியே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் புள்ளய காப்பாத்திட்டீங்க சேர். சாமி மாதிரி நீங்க."

பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பெற்றோர் எல்லோரும் சேர்ந்து கேட்டு என்னை அதே பாடசாலைக்கே எடுத்துக்கொண்டார்கள். அன்றுமுதல் எனக்குப் பெயர் "குளவி சேர்". பாக்கியம் அக்காவால் அதன் பிறகு மலையேற முடியவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடை. பாடசாலையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கும் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான்! பரிகாரம் என்று நினைத்தேன். அது தண்டனையாக வந்து சேர்ந்தது. எல்லாருக்கும் ஒரு முட்டை என்றால் என் தட்டில் இரண்டு வைப்பார்.

"குளவி சேருக்கு ரெண்டு முட்டை. யாரும் கண்ணு வைக்காதீங்க!"

பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். விழுங்குவேன்.

இப்படியே செத்துப்போயிருக்கலாம். ஆனால் இந்த வருடம் கல்வியியற் கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரிய மாணவியைக் கற்பித்தல் பயிற்சிக்காக என் வகுப்புக்கு அனுப்பினார்கள். நான்தான் வழிகாட்டி ஆசிரியர். வாசலில் சாரியைச் சரிசெய்துகொண்டு நின்றவளைப் பார்த்ததும் கையிலிருந்த தேநீர் என் காற்சட்டையில் கொட்டிவிட்டது.

"என்னாங்க சேர், என்னய தெரியலயா? நிரோஷா."

தெரியாமலா! அவள் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து நான் பாடம் நடத்துவதைக் கவனித்தாள். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: டேய், அவளுக்கு அப்போது ஒன்பது வயது, மேசைக்கடியில் கிடந்தவள், என்ன கண்டிருப்பாள்?

அவளுடைய மதிப்பீட்டுப் பாடத்துக்கு அவள் தெரிவுசெய்த தலைப்பு என்ன தெரியுமா? "எமது சூழலிலுள்ள ஆபத்துகள்." குளவி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறாளாம்.

"நீங்களே வந்து அந்தக் கதையைச் சொல்லணும் சேர். அம்மாவையும் கூட்டிட்டு வாறேன்."

காய்ச்சல் என்றேன். பல்வலி என்றேன். வெலிமடையில் ஒரு மரண வீடு என்றுகூடச் சொன்னேன், செத்தவர் யார் என்று யோசித்து வைக்கவில்லை. ஒன்றும் பலிக்கவில்லை.

பின்வரிசையில் இரண்டு விரிவுரையாளர்கள். முன்னால் ஒரு நாற்காலியில் பாக்கியம் அக்கா, நல்ல சாரி கட்டிக்கொண்டு. நடுவில் நான். வாய் கொஞ்சமும் தடுமாறவில்லை! கதையை முன்பைவிட நன்றாகச் சொன்னேன். கங்காணியின் கறுப்பு மேகத்தையும் சேர்த்துக்கொண்டேன். அக்கா கண்ணைத் துடைத்தார்.

ஒரு சிறுமி கை தூக்கினாள்.

"சேர், குளவி வந்தா ஆடாம கீழ படுக்கணும்னு டீச்சர் சொன்னாங்க. நீங்க ஏன் நின்னீங்க?"

"இந்தத் தொப்பையோட படுத்தா யாரு தூக்கி விடுறது?" என்றேன்.

வகுப்பே சிரித்தது. விரிவுரையாளர்கள் சிரித்தார்கள். நிரோஷா சிரிக்கவில்லை.

பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகு, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"அன்னைக்குக் குளவி வரல சேர். நான் படுக்கல. உங்க பின்னால நின்னு உங்களையே பாத்துக்கிட்டிருந்தேன்."

நான் மேசைமேல் கிடந்த வெண்கட்டித் துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன்.

"அம்மாகிட்ட நான் சொல்லல. எனக்காக ஓடி வந்துதான் விழுந்தேன்னு அம்மா பெருமையா சொல்லிக்கிட்டிருக்கு. சும்மா விழுந்தேன்னு ஆயிட்டா, அம்மாவுக்கு என்னா மிச்சம்? என் வாயால அத எப்படிச் சொல்றது?"

"நிரோஷா..."

"நீங்கதான் சொல்லணும். நான் இங்க இருக்கிற நாளுக்குள்ள சொல்லிடுங்க. கேட்டதுக்கப்புறம் அம்மா தனியா இருக்கக் கூடாது."

அவ்வளவுதான். மிரட்டவில்லை, அழவில்லை. வழிகாட்டி ஆசிரியர் போடவேண்டிய புள்ளியை அவளுக்கு முழுதாகவே போட்டேன். தகுதி இருந்தது. ஆனாலும் என் கை அதைப் பயத்தில்தான் போட்டது, எனக்குத் தெரியும். அவள் அதைப் பார்த்துவிட்டு, "பாடத்தைத் தொகுத்துச் சொல்ல மறந்துட்டேனே சேர், அதுக்குக் கழிக்கலயா?" என்று கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வாகை மரத்தில் இப்போது ஒரு கூடும் இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு மதியமும் நான் தட்டோடு போகும்போது அவள் சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள்.

இதை உங்களிடம் மட்டும் எப்படிச் சொல்ல முடிகிறது என்று கேட்கிறீர்களா? நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் சாய்ந்து நடப்பதை நான் தினமும் பார்ப்பதில்லை. நீங்கள் எனக்கு முட்டை வைப்பதில்லை!

இன்று அவளுடைய பயிற்சியின் கடைசி நாள். காலையிலேயே அவள் பையைக் கட்டிச் சமையலறை மூலையில் வைத்திருந்தாள். நான் தட்டை நீட்டினேன். அக்கா சோறு போட்டார், பருப்பு ஊற்றினார், முட்டையை வைத்தார். பிறகு இன்னொன்று. வாசலில் நிரோஷா நின்றாள்.

"அக்கா..." என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாங்க சேர், உப்புக் கொறைவா?"

"இல்லக்கா," என்றேன். "சரியா இருக்கு."

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. மூலையிலிருந்த பையும் இல்லை. தட்டில் இரண்டு முட்டை இருந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டேன்.